சுண்டுவிரல் நீங்கலாக ஒரு முஷ்டி

கூடைப்பந்து நடுவர் சங்கத்தின் கணக்கில் உலகத்தில் எந்தத் தப்பும் தானாக நடப்பதில்லை. ஒருவர் இன்னொருவரை இடித்துத் தள்ளலாம், மூக்கை உடைக்கலாம், விழுந்தவர் மேல் ஏறிக்கூட ஓடலாம். அதெல்லாம் வெறும் சம்பவம். நடுவர் விசில் ஊத வேண்டும். கையை மடக்கி, முஷ்டியைத் தலைக்கு மேல் தூக்க வேண்டும். ஸ்கோர் எழுதும் மேசைக்கு ஓடிப்போய், இடித்தவரின் சட்டை எண்ணை விரலில் காட்டி, எப்படி இடித்தார் என்று நடித்துக் காட்டி, அதற்கு என்ன தண்டனை என்று மறுபடி விரலைக் காட்ட வேண்டும். அப்போதுதான் அது தப்பு. அதுவரைக்கும் உடைந்த மூக்கு, மூக்குக்காரரின் சொந்த விஷயம்.

சொல்லப்போனால் சங்கத்துக்கு ஆட்டத்தைவிடச் சைகையின் மேல்தான் பிரியம். வருஷா வருஷம் சைகைப் போட்டி வைப்பார்கள். அதில் பந்து இருக்காது, ஆடுகிறவர்களும் இருக்க மாட்டார்கள். காலி மைதானத்தில் நடுவர்கள் ஒவ்வொருவராக ஓடி வந்து, யாரும் செய்யாத தப்பை, யாரும் உட்காராத மேசைக்கு அறிவிப்பார்கள். சங்கத் தலைவர் மெத்தை வைத்த நாற்காலியில் சாய்ந்து ரசிப்பார். அவர் குளியலறை ஓடுகள் விற்கும் பெரிய வியாபாரி, ஒரு கூடைப்பந்துக் கிளப்பும் வைத்திருந்தார். பந்தை மட்டும் தொட்டதில்லை. "பந்து நடுவுல வந்தா கவனம் கலைஞ்சுடுது" என்பார்.

இந்தச் சங்கத்தில்தான் ஃபிரிட்ஜ்காரர் நடுவராக இருந்தார். வார நாட்களில் அடுத்தவர் வீட்டுச் சமையலறையில், ஃபிரிட்ஜுக்குப் பின்னால் மண்டி போட்டுக்கொண்டு, தூசியோடும் கரப்பானோடும் மல்லுக்கட்டுவது அவர் பிழைப்பு. விடுமுறை நாள் வந்துவிட்டால் சாம்பல் நிறச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, கழுத்தில் விசில். மாட்டியதும் நடையே மாறிவிடும். 'நேத்துதான் சரி பண்ணிட்டுப் போனீங்க, இன்னிக்கு மறுபடி ஐஸ் கட்டுது' என்று வாரம் முழுக்கப் பேச்சு வாங்குகிற மனிதருக்கு, ஒரு அரை நாள் நாலு பேர் தன் கையைப் பார்த்து அடங்கி நிற்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று அவர் மனைவிக்குத் தெரியும். மற்ற சட்டைகள் எப்படிக் கிடந்தாலும் அந்தச் சாம்பல் சட்டையை மட்டும் அவள் இஸ்திரி போட்டு மாட்டி வைப்பாள்.

மைதானத்தில் அவருக்கு ஜோடி, மனைவியின் தம்பி. முட்டை வியாபாரி. அவனுடைய முட்டை வேனில்தான் இருவரும் ஆட்டங்களுக்குப் போவார்கள். வழியெல்லாம் 'அத்தான்' என்று அவனும் 'மச்சான்' என்று இவரும் பேசிக்கொண்டே போவது ஊருக்கே தெரிந்த கூட்டணி. இவர் ஒரு பக்கம் ஊதினால் அவன் மறு பக்கம் தலையாட்டுவான். அவன் ஊதினால் இவர் யோசிக்கவே மாட்டார்.

இன்னொரு விஷயம் சொல்ல வேண்டும். ஃபிரிட்ஜ்காரரின் வலது கைச் சுண்டுவிரல் மடங்காது. மற்ற விரல்கள் சொன்னபடி கேட்கும். இது மட்டும் வீட்டுக்கு அடங்காத பிள்ளை மாதிரி நிமிர்ந்தே நிற்கும். என்ன ஆயிற்று என்று கேட்டவர்களிடம் எல்லாம் "கம்ப்ரசர் விழுந்துடுச்சு" என்பார். மனைவியிடமும் அதையேதான் சொல்லியிருந்தார்.

உண்மை அதுவல்ல. மச்சான் முதன்முதலாக நடுவராக இறங்கிய நாள் அது. நேரமாகிவிட்டது. மைதான வாசலில் வேனை நிறுத்தியதும், உள்ளே கிடந்த பையை எடுக்க ஃபிரிட்ஜ்காரர் கையை நீட்டினார். மச்சான் பதற்றத்தில் பார்க்காமல் கதவை இழுத்துச் சாத்திவிட்டான். விரல் நசுங்கியது இவருக்கு, உட்கார்ந்து அழுதது அவன். "அக்காவுக்குத் தெரிஞ்சா என்னை வீட்டுப் படியே ஏத்த மாட்டா, அத்தான்." இவர் கைக்குட்டையை விரலில் இறுகச் சுற்றிக்கொண்டு மைதானத்தில் இறங்கினார். விட்டுப் போனால் முதல் நாளே அவன் தனியாக மாட்டிக்கொண்டு முழிப்பானே என்ற கவலை. ஆட்டம் முடித்து டாக்டரிடம் போனபோது, "உடனே வந்திருந்தா மடங்கற மாதிரி பண்ணியிருக்கலாமே" என்றார் அவர். அதைப் பற்றியும் இவர் வீட்டில் மூச்சு விடவில்லை.

ஸ்கோர் எழுதும் அக்காவுக்கு இந்த விரல் ஒரு பிரச்சினையே இல்லை. மேசைக்குப் புதிதாக யார் வந்து உட்கார்ந்தாலும் அவர் சொல்லிக் கொடுக்கும் முதல் பாடம் இதுதான்: "அண்ணன் கையில மட்டும் சுண்டுவிரலக் கழிச்சுப் பார்த்துக்கோ." ஆரம்பத்தில் சிலர் சிரித்தார்கள். சுண்டுவிரலைத் தூக்கினால் எதற்கு அனுமதி கேட்கிறோம் என்பது பள்ளிக்கூடத்துக்குப் போன எல்லோருக்கும் தெரியும். போகப் போகக் கண் பழகிவிட்டது. அண்ணன் முஷ்டி என்றால் சுண்டுவிரல் நீங்கலாக என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த கதையில்தான் பெண்கள் இறுதி ஆட்டம் வந்தது. ஒரு பக்கம் தலைவரின் கிளப். இன்னொரு பக்கம் ஆஸ்பத்திரி சலவைப் பிரிவுப் பெண்கள். பகல் முழுக்கப் போர்வை துவைத்துப் பிழிந்தவர்கள் என்பதால் அவர்கள் கையிலிருந்து பந்தைப் பிடுங்குவது லேசில் நடக்கிற காரியம் இல்லை. ஆட்டம் முடிய மூச்சு விடுகிற நேரம்தான் பாக்கி, இரண்டு பக்கமும் சமம். சலவைப் பிரிவின் எட்டாம் எண் பெண் கூடைக்கு எம்பினாள். கிளப்பின் பதினோராம் எண் பெண் முழங்கையைச் சுழற்றி அவள் முகவாயில் ஒன்று விட்டாள். விழுந்த சத்தம் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

ஃபிரிட்ஜ்காரர் ஊதினார். முஷ்டியைத் தூக்கினார். மறு பக்கத்திலிருந்து மச்சான் தலையை ஆட்டினான். இவர் மேசைக்கு ஓடி, பத்துக்கு வலது முஷ்டியும் ஒன்றுக்கு இடது கையில் ஒற்றை விரலுமாகப் பதினொன்று காட்டி, முழங்கையை வீசிக் காட்டி, இரண்டு விரலை நீட்டி, தடுக்க ஆளில்லாமல் கூடைக்கு எறிய இரண்டு தனி வீச்சு என்று அறிவித்தார். ஸ்கோர் அக்கா வழக்கம் போலச் சுண்டுவிரலைக் கழித்துவிட்டு எழுதினார். எட்டாம் எண், முகவாயில் துணியை அழுத்திக்கொண்டே வந்து, முதல் வீச்சைத் தவற விட்டாள், இரண்டாவதைப் போட்டாள். சலவைப் பிரிவு ஜெயித்தது.

தலைவர் எழுந்து கை தட்டினார். ரொம்ப மெதுவாகத் தட்டினார்.

சில நாள் கழித்துச் சங்கச் செயலாளர் போன் செய்தார். "ஒண்ணும் பெரிய விஷயம் இல்ல. உங்க முஷ்டி மேல ஒரு சின்ன சந்தேகம். வரும்போது கையைக் கொண்டு வாங்க."

"கையை விட்டுட்டு எப்படிங்க வருவேன்?"

"கையைக் கொண்டு வரச் சொல்லணும்னு விதி இருக்கு, அதனால சொல்றேன்."

ஃபிரிட்ஜ்காரர் போனை வைத்ததும் முட்டைக் கடைக்குப் போனார். மச்சானிடம் சொன்னார். அவன் சிரித்தான். "விடுங்க அத்தான், நான் இருக்கேன் இல்ல? நானே வேன்ல கூட்டிட்டுப் போறேன்." விசாரணை அன்று சொன்னபடியே வந்தான். புதுக் கோட்டு போட்டிருந்தான். வேனின் பின்பக்கம் முட்டை அட்டைகளுக்கு மேல் சாக்கு போர்த்தி என்னவோ மரச் சாமான் இருந்தது. என்ன அது என்று கேட்டதற்கு, "ஒரு ஆர்டர், அத்தான்" என்றான். அவர் விட்டுவிட்டார். வழியில் டீக்கடையில் நிறுத்தி, அத்தானுக்குச் சர்க்கரை தூக்கலாக என்று அவனே சொல்லி வாங்கிக் கொடுத்தான்.

சங்கத்தின் விசாரணை அறையில் ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. நடுவர்கள் தங்கள் கையைத் தாங்களே பார்த்துத் திருத்திக்கொள்ள வைத்தது. நடுவில் ஒரு பீடத்தில் வெண்கல முஷ்டி. தலைவரின் சொந்தக் கையை அச்செடுத்து வார்த்தது. கிட்டப் போய்ப் பார்த்தால் அதன் கட்டைவிரல் கொஞ்சம் வெளியே துருத்திக்கொண்டிருக்கும். சங்கக் கட்டடத்தின் திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டும்போது தலைவர் கத்தரிக்கோலைத் தன் கட்டைவிரல் மேலேயே போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து அந்த விரல் அப்படித்தான்.

மேசைக்குப் பின்னால் சைகைத் தூய்மைக் குழு உட்கார்ந்திருந்தது. குழு என்றால் தலைவரும் செயலாளரும்தான். செயலாளர் சைகை இல்லாமல் வாயைத் திறக்க மாட்டார். 'வாங்க' என்றால் மாற்று ஆட்டக்காரரை உள்ளே அழைக்கிற மாதிரி கையை வீசுவார். தண்ணீர் குடிக்க வேண்டுமானால் உள்ளங்கைக்கு அடியில் விரலை நிறுத்தி 'டைம் அவுட்' காட்டிவிட்டுக் குடிப்பார்.

"முஷ்டி காட்டுங்க" என்றார் செயலாளர்.

ஃபிரிட்ஜ்காரர் கையைத் தூக்கினார். கண்ணாடியிலும் ஒரு ஃபிரிட்ஜ்காரர் கையைத் தூக்கினார். இரண்டு சுண்டுவிரல்களும் கூரையைப் பார்த்து நின்றன.

செயலாளர் தொண்டையைச் செருமினார். "விதிப்புத்தகம் என்ன சொல்லுது? விரிச்ச கைன்னா சாதாரண மீறல். மடக்கின கைன்னா தப்பு. ரெண்டுக்கும் கடிகாரம் நிக்கும். இவரு காட்டினது விரிச்சதும் இல்ல, மடக்கினதும் இல்ல. அப்போ அன்னிக்குக் கடிகாரம் எதுக்கு நின்னுச்சு?"

"அந்தப் பொண்ணு அடிபட்டு விழுந்துச்சுங்க. அதனாலதான் நின்னுச்சு."

"அது உங்க கருத்து. இந்தச் சைகைக்கு எழுத்துல எங்கயுமே இடம் இல்ல. பள்ளிக்கூடத்துல மட்டும் ஒரு இடம் இருக்கு." தலைவரைப் பார்த்தார். தலைவர் கண்ணை மூடிச் சம்மதம் தெரிவித்தார். "ஆக, குழு என்ன பதிவு பண்ணுதுன்னா, கடைசி நேரத்துல நடுவர் சிறுநீர் கழிக்க அனுமதி கேட்டாரு. மேசையில அதைத் தப்பா புரிஞ்சுக்கிட்டாங்க. தப்பு எதுவும் நடக்கல."

அன்றைக்கு ஃபிரிட்ஜ்காரருக்கு அப்படி எந்த அவசரமும் இல்லை. அதை இங்கே எப்படி நிரூபிப்பது என்று தெரியாமல் நின்றார்.

தப்பு நடக்கவில்லை என்று ஆனதும் மற்றதெல்லாம் மளமளவென்று நடந்தது. எட்டாம் எண் பெண்ணை உள்ளே கூப்பிட்டார்கள். முகவாயில் தையல், அதன் மேல் பஞ்சு. வேலைக்கு நடுவில் வந்தவள், சோப்பு வாசனை அடித்தது.

"உங்களை யாரும் இடிக்கல. அப்புறம் ஏம்மா விழுந்தீங்க?" என்று கேட்டார் செயலாளர்.

"இடிச்சாங்க சார். இதோ தையல் போட்டிருக்கு."

"தையல் இருக்கு, நான் இல்லன்னு சொல்லல. ஆனா காரணம் இல்லாத தையல். யாரும் தொடாமலே விழுந்து நடுவரை ஏமாத்தினா, அது தனித் தப்பு. அதுக்கு நாங்க உங்க மேல நடவடிக்கை எடுக்கணும்."

"அப்படின்னா என்னை நானே முகத்துல குத்திக்கிட்டேனா?"

"நீங்களே ஒத்துக்கிட்டா எங்க வேலை சுலபம்."

தலைவர் இப்போதுதான் வாயைத் திறந்தார். குரல் தேன் மாதிரி இருந்தது. "பாப்பா, வலி இன்னிக்கு இருக்கும், நாளைக்குப் போயிடும். சைகைதான் நிரந்தரம். என் கிளப் தோத்துச்சுன்னு நான் இதைச் செய்யல. ஜெயிச்சிருந்தா இந்த விசாரணையே இருக்காதுங்கறது உண்மைதான். ஆனா தோத்ததாலதானே எனக்கு உண்மையைப் பத்தி யோசிக்க நேரம் கிடைச்சுது?"

அவர் சொல்லி முடிப்பதற்குள் வெளியே ஒரே சத்தம். கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு ஆள் உள்ளே வந்தார். நல்ல தொப்பை, நரைத்த மீசை, அரைக்கால் சட்டை, தொப்பையில் பாதிக்கு மேல் இறங்க மறுத்த பழைய பனியன். ஒரு காலத்தில் துறைமுக அணியில் ஆடியவர். ஃபிரிட்ஜ்காரர் ஐந்தாவது தப்பு கொடுத்து ஒரு ஆட்டத்திலிருந்து அவரை வெளியே அனுப்பியிருந்தார்.

"இவரு முஷ்டி செல்லாதுன்னு வெளியில பேசிக்கறாங்களே. அப்போ எனக்குக் கொடுத்த அஞ்சாவது தப்பும் செல்லாது இல்ல? அந்த ஆட்டத்துல என் பாக்கி நேரத்தைக் கொடுங்க. நான் தயாரா வந்திருக்கேன்."

செயலாளர் 'டைம் அவுட்' காட்டினார். தலைவரும் அவரும் தலையோடு தலை வைத்துப் பேசினார்கள். நியாயம் நியாயம்தான் என்று முடிவானது. அந்த ஆட்டத்தில் எதிரணியில் ஆடியவர்களில் இருவர் வெளிநாடு போய்விட்டார்கள், ஒருவர் போயே சேர்ந்துவிட்டார் என்று யாரோ ஞாபகப்படுத்தினார்கள். "அது அவங்க அணியோட உள்விவகாரம்" என்று சொல்லிவிட்டு, அவர் பாக்கி நேரத்தை ஆடிக்கொள்ளலாம் என்று செயலாளர் தீர்ப்புச் சொன்னார். தொப்பைக்காரர் மைதானத்துக்குப் போய் ஒற்றை ஆளாகப் பந்தைத் தட்டிக்கொண்டு ஓட ஆரம்பித்தார். விசாரணை முடிகிற வரைக்கும் ஜன்னல் வழியே அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

ஃபிரிட்ஜ்காரருக்கு அந்தச் சத்தம் நெஞ்சிலேயே தட்டுகிற மாதிரி இருந்தது. இத்தனை வருஷ விடுமுறை நாட்கள், வெயிலில் ஓடியது, திட்டு வாங்கியது, சரியென்று பட்டதை ஊதியது எல்லாவற்றையும் ஒரு விரலைக் காட்டி இல்லையென்று ஆக்கிக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் அவருக்கு அந்த விதி ஞாபகம் வந்தது.

"ஐயா, சங்க வேலையிலயோ, வேலைக்கு வர்ற வழியிலயோ உண்டான குறை குறையாகாதுன்னு ஒரு விதி இருக்கே?"

விதி இருந்தது. தலைவரின் கட்டைவிரலுக்காகவே எழுதிச் சேர்த்த விதி அது. அந்த விதி இல்லையென்றால் பீடத்தில் நிற்கும் வெண்கலமே செல்லாது. செயலாளர் வேண்டா வெறுப்பாக ஒத்துக்கொண்டார். "இருக்கு. அப்படி ஆகியிருந்தா அது சங்கத்தோட விரல். முஷ்டி செல்லும். உங்க தப்புங்க எல்லாமே செல்லும். ஆனா அதுக்குச் சாட்சி வேணும்."

"சாட்சி இருக்கு. என் மச்சான். வெளியிலதான் இருக்கான். கூப்பிடுங்க."

"நாங்களும் அவரைத்தான் கூப்பிடறதா இருந்தோம்" என்றார் செயலாளர். "அவருதான் எங்க சைகை நிபுணர்."

கதவு திறந்தது. மச்சான் புதுக் கோட்டோடு வந்தான். கையில் அந்த மரச் சாமான். மேல் பலகையில் வட்டமாக ஒரு ஓட்டை போட்ட பெட்டி. ஃபிரிட்ஜ்காரருக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. மச்சானின் கடையில் முட்டையைப் பெரிது, சிறிது என்று தரம் பிரிக்க வைத்திருக்கும் ஓட்டைப் பலகையேதான், ஓட்டையை மட்டும் பெரிதாக்கியிருந்தது. காலையிலிருந்து தன் முதுகுக்குப் பின்னாலேயே சாக்கு போர்த்திக்கொண்டு வந்த ஆர்டர் இதுதான்.

"முஷ்டிப் பெட்டி" என்று அறிமுகப்படுத்தினான் மச்சான், யாரையும் பார்க்காமல். "சரியான முஷ்டின்னா நுழையும். கையை விடுங்க... அத்தான்."

அந்த 'அத்தான்' கடைசியில் தயங்கித் தயங்கி வந்தது. ஃபிரிட்ஜ்காரர் கையை விட்டார். நாலு விரல் போயிற்று. சுண்டுவிரல் விளிம்பில் இடித்துக்கொண்டு நின்றது.

"நுழையல" என்றான் மச்சான், கடையில் முட்டையைத் தரம் பிரிக்கும்போது சொல்கிற அதே குரலில்.

"விடு, அது கிடக்கட்டும்" என்றார் ஃபிரிட்ஜ்காரர். "இந்த விரல் எப்படி இப்படி ஆச்சுன்னு மட்டும் சொல்லு மச்சான். அது போதும்."

அது போதும் என்பது உண்மை. ஒரு வாக்கியம். வேன் கதவு என்று இரண்டு சொல் சொன்னால்கூடப் போதும். விசில் கழுத்திலேயே இருக்கும், எட்டாம் எண்ணின் தையலுக்குக் காரணம் கிடைக்கும், மைதானத்தில் தனியாக மூச்சு வாங்கும் தொப்பைக்காரர்கூட வீட்டுக்குப் போய்ச் சேருவார்.

மச்சான் கோட்டுப் பொத்தானைத் திருகினான். தலைவர் அவனைப் பார்த்துப் புன்னகை செய்தார். அடுத்த வாரம் தலைமை நடுவர் யாரென்று அறிவிப்பதாக இருந்தது.

"எனக்கு எதுவும் ஞாபகம் இல்லைங்க" என்றான் மச்சான். "வீட்டுல ஃபிரிட்ஜ் கம்ப்ரசர் விழுந்துச்சுன்னு சொல்வாங்க. அத்தானே எங்க அக்காகிட்ட அப்படித்தான் சொல்லியிருக்காரு. வேணும்னா அக்காவையே கேளுங்க."

ஃபிரிட்ஜ்காரர் அவனுக்காகச் சொன்ன பொய்யை அவன் அலுங்காமல் எடுத்து, துடைத்து, அவர் முன்னாலேயே வைத்துவிட்டான். அடிபட்ட அன்றுகூட அந்த விரல் இப்படி வலிக்கவில்லை.

"அது பொய். வேன் கதவுல நசுங்கினது. இவன்தான் சாத்தினான். இவன் மேல பழி வரக் கூடாதுன்னு நான்தான் வீட்டுல மாத்திச் சொன்னேன்."

செயலாளர் சந்தோஷமாக முன்னால் சாய்ந்தார். "அப்போ சொந்த வீட்டுலயே பொய் சொல்லியிருக்கீங்க?"

"ஆமா. இவனுக்காக."

"யாருக்காகங்கறது முக்கியம் இல்ல. கட்டின மனைவிகிட்டயே பொய் சொல்றவரு மேசைக்கு வந்து உண்மையைத்தான் அறிவிச்சாருன்னு நாங்க எப்படி நம்பறது?"

தலைவர் எழுந்து நின்று தீர்ப்பை வாயாலும் சைகையாலும் சொன்னார். கோப்பை அவருடைய கிளப்புக்கு. எட்டாம் எண்ணுக்கு, விழுந்ததற்காக எச்சரிக்கை. ஃபிரிட்ஜ்காரர் விசிலைக் கழற்றி மேசையில் வைக்க வேண்டும். "ஆனா சங்கம் யாரையும் கை விடாது" என்று சேர்த்துக்கொண்டார். "புதுசா சேர்ற நடுவர்களுக்கு வகுப்பு நடக்கும். முஷ்டி எப்படி இருக்கக் கூடாதுன்னு காட்ட ஒரு கை வேணும். நீங்க வந்து நின்னா போதும். டீ தருவோம்."

விசில் கயிறு காதில் மாட்டிக்கொண்டு வர மறுத்தது. உதவிக்கு வந்த மச்சானின் கையை அவர் தட்டிவிட்டார். விசிலை வைத்துவிட்டுத் திரும்பியபோது எட்டாம் எண் பெண் வாசலில் நின்றிருந்தாள். "நீங்க சரியாத்தான் ஊதினீங்க சார்" என்றாள். பேசும்போது தையல் இழுத்து முகம் சுளித்தாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

வெளியே வேனை ஸ்டார்ட் செய்யாமல் மச்சான் உட்கார்ந்திருந்தான். கோட்டைக் கழற்றிப் பக்கத்து இருக்கையில் மடித்து வைத்திருந்தான். ஓட்டுநர் பக்கக் கதவு திறந்திருந்தது. ஒரு கை கதவு நிலையைப் பிடித்தபடி இருந்தது.

"ஏறுங்க அத்தான். வீட்டுல விட்டுடறேன்."

அவர் ஏறவில்லை. அவனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னை என்ன பண்ணச் சொல்றீங்க?" என்றான் மச்சான், கேட்காத கேள்விக்கு. "உங்களுக்கும் வயசாயிடுச்சு. இன்னும் எத்தனை நாள் ஓடுவீங்க? எனக்கு இப்பத்தான் ஒரு வழி கிடைச்சிருக்கு. அதோட, சத்தியமா எனக்கு அந்தக் கதவு விஷயம் ஞாபகமே இல்ல அத்தான். எவ்வளவு காலம் ஆச்சு! ஞாபகம் இருந்தா சொல்லியிருக்க மாட்டேனா?"

குரல் உண்மை மாதிரியே இருந்தது. அவனுக்கு ஒரு வேளை நிஜமாகவே மறந்துபோயிருக்குமோ என்று ஃபிரிட்ஜ்காரருக்கு ஒரு நிமிஷம் சந்தேகம் வந்தது. மறந்திருந்தால் மன்னித்துவிடலாம். மன்னிக்கத்தான் மனசு துடித்தது. பெண்டாட்டியின் தம்பி, எத்தனையோ விடுமுறை நாள் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவன். சரி, கதவைச் சாத்திவிட்டு மறு பக்கமாகப் போய் ஏறிக்கொள்வோம் என்று நினைத்து, கதவின் விளிம்பில் கையை வைத்தார்.

தொட்டதுதான் தாமதம், மச்சான் நெருப்பைத் தொட்டவன் மாதிரி நிலையிலிருந்து கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். இழுத்த வேகத்தில் நெஞ்சோடு சேர்த்து இறுக்கிப் பிடித்தான். ஐந்து விரலும் ஒன்றுவிடாமல் உள்ளே மடங்கியிருந்தன. தலைவரின் வெண்கலத்தைவிடச் சுத்தமான முஷ்டி.

இருவரும் அந்தக் கையையே பார்த்தார்கள். மைதானத்தில் தொப்பைக்காரரின் பந்து தட்டும் சத்தம் நின்று போயிருந்தது. மச்சான் கையைக் கீழே இறக்கப் பார்த்தான், இறக்கவில்லை.

ஃபிரிட்ஜ்காரர் கதவைச் சாத்தினார். யார் விரலும் நசுங்காதபடி, பார்த்து, மெதுவாகச் சாத்தினார். பிறகு திறந்திருந்த கண்ணாடி வழியே குனிந்து, "வீட்டுக்கு வா மச்சான். உங்க அக்கா கேட்பா. கம்ப்ரசர் கதையை நீயே ஒரு தடவை சொல்லு, நான் பக்கத்துலயே உட்கார்ந்து கேட்கறேன்" என்று சொல்லிவிட்டு, பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார்.

பின்னால் வேன் கிளம்பும் சத்தம் கேட்குமா என்று காதைத் தீட்டிக்கொண்டே நடந்தார். பஸ் வருகிற வரைக்கும் கேட்கவில்லை.